கண்ணாடிக்குக் கீழே இறங்காத விளக்கு

அந்தப் பங்களாவைத் தாண்டும்போதெல்லாம் நான் ஏன் வண்டியை அப்படி முறுக்குகிறேன் என்று போன வாரம் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டீர்கள். பேசாமல் உட்காருங்கள் என்று அதட்டிவிட்டேன். நீங்கள் கேட்டதில் தப்பில்லை. நான் அதட்டியதுதான் தப்பு. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மாமா அந்தக் கதையை உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். "கண்ணாடிக்கு அடியில படுத்துத் தூங்குனவன் இந்த மலையிலயே நான் ஒருத்தன்தான் கண்ணு" என்பார். அவர் தூங்கவில்லை. சாகக் கிடந்தார். பிழைத்து வந்தவர் அதைச் சிரிப்பாகச் சொன்னால் அது அவர் இஷ்டம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி அந்த வீட்டுக்காரர் மேல். மீதிப் பாதி யார் மேல் என்று படித்துக்கொண்டே வந்தால் தெரியும்.

அந்த இடம் முன்பு மிளகுத் தோட்டம். நடுவில் கல் கட்டிய கிணறு. ஆறு ஆள் ஆழம் இருக்கும். உள்சுவரில் ஒன்று விட்டு ஒன்றாகப் படிக்கல் நீட்டியிருக்கும், அதைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். கீழ்நாட்டிலிருந்து வந்தவர் தோட்டத்தை வாங்கிச் சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்கு வீடு கட்டினார். கிணற்றை மூடச் சொல்லிக் கொத்தனார் சொன்னாராம். அவர் மூடவில்லை. கிணறு தங்கும் கூடத்துக்கு நடுவில் வருகிற மாதிரி வீட்டையே கட்டிவிட்டார். வாய்க்கு மேலே இரும்புச் சட்டம் போட்டு, அதில் நான்கு கனத்த கண்ணாடிகளை வைத்துத் தரையோடு தரையாக மூடிவிட்டார். சந்தெல்லாம் பசை வைத்து அடைத்தாயிற்று. நடந்தால் காலுக்குக் கீழே கிணறு. அது மழைக்கு முன்னால் நடந்தது. மழை முடிந்து வெயில் வந்த பிறகுதான் அவருக்கு ஒன்று தெரிந்தது. கண்ணாடிக்குக் கீழே வெறும் கறுப்புதான் தெரிகிறது, கிணறு தெரியவில்லை.

அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார். மலைமேல் வயர்மேன் வேலைக்கு என்னைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் போனை நீட்டி ஒரு படம் காட்டினார். எங்கேயோ ஒரு ஊரில் இதே மாதிரி கண்ணாடித் தரை. அதற்குக் கீழே கல் சுவரைச் சுற்றி வளையம் வளையமாக மஞ்சள் வெளிச்சம். அடியில் தண்ணீர் தங்கத் தகடு மாதிரி கிடந்தது.

"இப்படி வேணும். தண்ணிக்கு ரெண்டடி மேல ஒரு சுத்து, நடுவுல ஒரு சுத்து, மேல ஒரு சுத்து. முடியுமா உன்னால?" என்றார்.

"முடியுமுங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. அதுவரை நான் செய்ததெல்லாம் ஃபேன், சுவிட்சு, மோட்டார், பள்ளிக்கூடத்து டியூப் லைட். இப்படி ஒரு வேலை இந்த மலையில் எவனும் செய்ததில்லை. பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் செய்தான் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். தண்ணீருக்குப் பக்கத்தில் வரும் விளக்கு என்பதால் குறைந்த வோல்டேஜில் எரிகிற பட்டை விளக்காக வாங்கச் சொன்னேன். தண்ணீர் புகாத இணைப்புப் பெட்டி எது, கல்லில் எந்த இடத்தில் கிளாம்பு அடிப்பது, எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து வைத்தேன். மின்சாரத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவ்வளவு பார்த்தேன். காற்றைத்தான் பார்க்கவில்லை.

உதவிக்கு உங்கள் மாமா வந்தார். கிணற்றில் இறங்க அவரைவிட ஆள் கிடையாது. உடம்பு ஒல்லி, கால் பல்லி. கிளம்பும்போது உங்கள் அம்மா என் பையில் நான்கு பொருட்களை எடுத்து வைத்தாள். ஒரு அகல், கொஞ்சம் எண்ணெய், திரி, கைப்பிடி போட்ட சின்னத் தகர வாளி.

எதற்கென்று உங்களுக்கே தெரியும். ஊர்க் கிணற்றில் தூர் எடுக்கும்போது பார்த்திருப்பீர்கள். அகலைக் கொளுத்தி வாளிக்குள் வைத்துக் கயிற்றில் இறக்குவோம். தண்ணீர் மட்டம் வரைக்கும் எரிந்தால் ஆள் இறங்கலாம். நடுவில் அணைந்தால் கீழே மூச்சுக்குக் காற்று இல்லை. அப்போது இலையோடு ஒரு பலாக் கொப்பை வெட்டி, கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழும் அடிப்போம். கெட்ட காற்று கலைந்து நல்ல காற்று இறங்கும். மறுபடி விளக்கு. டீ குடிக்க மேலே வந்துவிட்டு இறங்கினாலும் மறுபடி விளக்கு. இதில் யாரும் சலுகை கேட்பதில்லை.

நாங்கள் போனபோது காலை ஒன்பது மணி இருக்கும். வீட்டுக்காரர் ஷூ போட்டபடி கண்ணாடி மேல் நின்றுகொண்டிருந்தார். ஓரத்துப் பசையை அறுத்துக் கடப்பாரையால் நெம்பி, உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கைப்பிடியை ஒட்டி, நானும் மாமாவும் ஒரு கண்ணாடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தோம். உள்ளேயிருந்து வாசம் அடித்தது. நனைந்த சாக்கை மாசக்கணக்கில் மூலையில் போட்டுவைத்தால் வருமே, அந்த வாசம். வீடு கட்டும்போது உள்ளே விழுந்த பலா இலையும் பலகைத் துண்டும் சிமெண்டுச் சாக்கும் அடியில் கிடந்து மக்கிக்கொண்டிருந்தன. தூக்கி வைத்த கண்ணாடியின் கீழ்ப்பக்கம் முழுக்க வியர்வை மாதிரி நீர்முத்து.

"மச்சான், உள்ள ஏதோ செத்துக் கெடக்குதுங்க போல" என்றார் மாமா.

"இலை மக்குன நாத்தம் மாப்ள. விளக்க எறக்கிப் பாத்துக்கலாம்."

அகலை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் வைத்து எண்ணெய் ஊற்றினேன். வீட்டுக்காரர் ஒரே எட்டில் வந்துவிட்டார்.

"என்னப்பா இது?"

"விளக்குங்க சார். எறங்கறதுக்கு முன்னால..."

"நான் லைட்டு போட ஆளக் கூப்பிட்டனா, பூசை போட ஆளக் கூப்பிட்டனா?" என்று சொல்லிச் சிரித்தார். "உங்களுக்கெல்லாம் எதுக்கெடுத்தாலும் சாமிதான். எல்லாம் அப்புறம் வெளிய போய்க் கும்பிட்டுக்கங்க."

"பூசை இல்லீங்க. உள்ள காத்து எப்படி இருக்குதுன்னு பாக்கத்தானுங்க."

"காத்தைப் பாக்க விளக்கா? கரி படிஞ்சா இந்தக் கண்ணாடிய யாரு தொடைக்கிறது? அடிப்பக்கம் கை போகுமா? சனிக்கிழமை ஆளுங்க வாராங்க. டார்ச் அடிச்சுப் பாரு, நல்லாத் தெரியும்."

மாமா வெளியே போய் ஒரு கொப்பு வெட்டி வருவதாகச் சொன்னார். "இலை குப்பையெல்லாம் உள்ள கொண்டாராதே, டைல்சு போட்டு நாலு நாள்தான் ஆகுது" என்றார் வீட்டுக்காரர்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? பையைத் தூக்கிக்கொண்டு, "நாங்க வாரமுங்க" என்று கிளம்பியிருக்க வேண்டும். செய்யவில்லை. அந்தச் சிரிப்பு என்னைச் சுருக்கென்று குத்தியது. நோட்டில் படம் வரைந்து, இணைப்புப் பெட்டியைப் பற்றியெல்லாம் அவரிடம் விளக்கிப் பேசியிருந்தேன். இவன் விவரமானவன் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், இப்போது அகல் விளக்கைப் பார்த்துவிட்டு, இவனும் வேப்பிலை அடிக்கிற கூட்டம்தான் என்று நினைத்துவிட்டாரே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. ஊற்றின எண்ணெயைத் திரும்பப் புட்டியில் ஊற்றி, அகலைத் துணியில் துடைத்து, எல்லாவற்றையும் பைக்குள் வைத்துவிட்டேன். என் கையால்தான் வைத்தேன்.

டார்ச் அடித்தேன். கல் தெரிந்தது, படி தெரிந்தது, அடியில் தண்ணீர் பளபளவென்று தெரிந்தது. எல்லாமே நன்றாகத் தெரிந்தது. டார்ச்சுக்கு மூச்சுவிடத் தேவையில்லை அல்லவா, அது எங்கே வேண்டுமானாலும் எரியும்.

கயிறு மட்டும் வேண்டாமென்று யார் சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். மாமாவின் அக்குளுக்குக் கீழே சுற்றி நெஞ்சோடு கட்டி, மறுமுனையைக் கூடத்துத் தூணில் ஒரு சுற்றுப் போட்டு என் கையில் வைத்துக்கொண்டேன்.

"மாட்டக் கட்டற மாதிரி கட்டறீங்களே மச்சான். தண்ணி காட்டத்தான் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

மேல் சுற்றுக்கு நான்கு கிளாம்பு அடித்தார். டிரில் சத்தம் கிணற்றுக்குள் யானை பிளிறுகிற மாதிரி கேட்டது. நடுச் சுற்றுக்கு இறங்கத் தொடங்கினார். "மச்சான், இங்கிருந்து பாத்தா அவரு ஷூவோட அடி தெரியுதுங்க. ஒரு ஆணி கழண்டிருக்குது, சொல்லிருங்க" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்காரருக்குக் காதில் விழவில்லை, அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு படி இறங்கினார். டிரில் ஓடியது, நின்றது. மறுபடி ஓடவில்லை.

"மாப்ள?"

"தலைய சுத்துதுங்க மச்சான். காலைல... கூழு குடிக்காம..." அவர் குரல் மாவு மாதிரி குழைந்து வந்தது. பிறகு டிரில் தண்ணீரில் விழுந்த சத்தம். கயிறு வெடுக்கென்று என் கையை இழுத்தது.

நான் கூப்பிட்டேன். இழுத்தேன். நெஞ்சுக் கட்டில் தொங்கிக்கொண்டே கண்ணாடிக்கு ஒரு கை தூரம் வரைக்கும் மேலே வந்தார். அதற்குமேல் வரவில்லை. படிக்கல் இருந்தது மூடியிருக்கிற பக்கத்துக் கண்ணாடிக்குக் கீழே. கயிறு அந்தப் பக்கம் சாய்ந்து, இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. மேலே இருந்து பார்க்கிறேன், கண்ணாடிக்குக் கீழே உங்கள் மாமா முகம் தெரிகிறது. கண் பாதி திறந்திருக்கிறது, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நிறம் மாறியிருக்கிறது. கை எட்டும் தூரம்தான். நடுவில் கண்ணாடி.

இறங்கிவிடலாம் என்றுதான் கால் போனது. ஒருத்தன் விழுந்த கிணற்றில் காப்பாற்ற இறங்குகிறவன் இரண்டாவதாக விழுவான் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலை நிறுத்தி வைத்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

"சார், கயித்தப் புடிங்க!" என்று கத்தினேன். வந்து பிடித்தார். அதை மறைக்க மாட்டேன், அவரும் முழு பலத்தோடு பிடித்தார். நான் கடப்பாரையை எடுத்துச் சட்டத்துச் சந்தில் விட்டு நெம்பினேன்.

"கண்ணாடி, கண்ணாடி, பாத்துப்பா!" என்று கயிற்றைப் பிடித்தபடியே அவர் கத்தினார்.

பசை கிழிந்து கண்ணாடி எழும்பியது. அதைப் புரட்டி அந்தப் பக்கம் தள்ளினேன். ஒரு மூலை விரிசல் விட்டது. குப்புறப் படுத்துக் கையை விட்டு, மாமாவின் சட்டையையும் கயிற்றையும் சேர்த்துப் பிடித்தேன். இரண்டு பேரும் இழுத்து மேலே போட்டோம். தரதரவென்று வெளி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் வெயிலில் கிடத்தினேன். நெஞ்சைத் தேய்த்தேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு இருமல் வந்தது, பிறகு வாந்தி, பிறகு கண் திறந்தது.

"டிரில்லு உழுந்திருச்சுங்க மச்சான்" என்றார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அப்போது உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "ஏப்பா, இந்த மூலை போச்சே. இந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா? மலை ஏத்துறதுக்கே எத்தனை பாடு!"

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் அவர்தான் கொண்டுபோனார். ஆனால் வாசலில் ஒரு ஆள் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கும்போது, உள்ளே குனிந்து கண்ணாடியின் மூலையைத் தடவிப் பார்த்த அந்தக் கை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் என் வண்டி தானாக வேகம் எடுக்கிறது.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நர்ஸம்மா கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மூடுன கெணத்துல எறங்கும்போது விளக்கு விட்டுப் பாக்கணும்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன் விடல? விளக்கு இல்லையா?"

"இருந்துச்சுங்க. பைக்குள்ள இருந்துச்சுங்க."

அவர் மாமாவின் மூக்குக் குழாயைச் சரிசெய்யத் திரும்பிவிட்டார். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். உங்கள் அம்மா என் பையைப் பிரித்தாள். எண்ணெய் குறையாமல் இருந்தது. திரி வெள்ளையாகவே இருந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வேண்டாமுன்னு அவரு சொன்னாரா?"

"ஆமா."

"சொன்னா? எறங்கறது அவரு தம்பியா, எந் தம்பியா?"

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நீங்கள்கூட, அம்மாவுக்குக் காய்ச்சலா என்று என்னிடம் கேட்டீர்கள்.

நாலாம் நாள் காலையில் வீட்டுக்காரர் போன் செய்தார். "உன் ஏணியும் சாமானும் இங்கயே கெடக்குது, வந்து எடுத்துக்க. கீழ இருந்து வேற வயர்மேன் வந்திருக்கார். இன்னிக்கு எறங்கி முடிச்சிருவார். உன் டிரில்லையும் எடுத்துத் தரச் சொல்றேன்" என்றார், ஏதோ உதவி செய்கிற மாதிரி.

"கண்ணாடியெல்லாம் எடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுமே எல்லாத்தையும் மூடியாச்சு. தூசி உழுகுதில்ல?"

போனை வைத்தேனா, எறிந்தேனா என்று நினைவில்லை. உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவளே அகலையும் எண்ணெயையும் வாளியையும் எடுத்துப் பையில் போட்டாள். "இந்தத் தடவை பைக்குள்ளயே வச்சிருந்தீங்கன்னா ஊட்டுக்கு வராதீங்க" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. போகிற வழியில் இலையோடு ஒரு பலாக் கொப்பையும் வெட்டி வண்டியில் கட்டிக்கொண்டேன்.

நான் உள்ளே நுழைந்தபோது ஒரு கண்ணாடியைத் தூக்கி வைத்திருந்தார்கள். வந்திருந்த வயர்மேனுக்கு என்னைவிட வயது அதிகம். தலையில் துண்டு கட்டி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக இருந்தார். அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் இங்கே ஒரு ஆள் விழுந்தான் என்றுகூடச் சொல்லவில்லை.

கொப்பை டைல்சு மேலேயே போட்டேன். கண்ணாடி மேல் உட்கார்ந்து அகலைக் கொளுத்தி வாளியில் வைத்தேன்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? சாமானை எடுக்க வரச் சொன்னா..." என்று வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார்.

"தள்ளுங்க சார்" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தள்ளி நின்றார்.

கயிற்றை விட்டேன். முதல் படிக்கல் தாண்டும்போது சுடர் நேராக இருந்தது. இரண்டாவதில் குட்டையானது. மூன்றாவதற்கு வரும் முன்னால் திரியை விட்டு எழும்பி, ஒரு தடவை துள்ளி, அணைந்தது. மாமா அடித்துவிட்டுப் போன கிளாம்புகள் அதற்குப் பக்கத்தில்தான் மினுங்கின.

வயர்மேன் என் பக்கத்தில் குந்தினார். "காத்து அடிச்சு அணைஞ்சிருக்கும். இன்னொருக்கா விடுங்க" என்றார்.

மறுபடி கொளுத்தி விட்டேன். அதே இடம். அதே துள்ளல்.

"அன்னிக்கு எம் மச்சினன் எறங்குனது இதுக்குக் கீழ ரெண்டு படிங்க. கயிறு இருந்ததால பொழச்சான்" என்றேன்.

அவர் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார்.

"சார், நாலு கண்ணாடியும் எடுத்துப் போடுங்க. ரெண்டு நாள் காத்தாடட்டும். அவரு கொண்டாந்த கொப்ப வச்சு நல்லா அடிக்கச் சொல்லுங்க. விளக்கு தண்ணி வரைக்கும் எரிஞ்சா எனக்குப் போன் பண்ணுங்க."

"சனிக்கிழமை ஆளுங்க வாராங்கன்னு சொன்னேனே!"

"அப்ப நீங்களே எறங்குங்க சார். கயித்த நாங்க ரெண்டு பேரும் புடிச்சுக்கறோம்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் ஏணியை எடுத்துக்கொண்டேன். கொப்பை அங்கேயே விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் கிணற்றில் வெளிச்சம் இருக்கிறது. கடைசியில் யாருமே கிணற்றில் இறங்கவில்லை. இரும்புக் கம்பியை வளையமாக வளைத்து, மேலேயே வைத்து விளக்குப் பட்டையைச் சுற்றி, சங்கிலியில் கட்டிக் கீழே தொங்கவிட்டார்கள். அரை நாள் வேலை. வந்து தங்குகிறவர்கள் மேலே நின்று படம் எடுக்கிறார்கள், அழகாக இருக்கிறதாம்.

அந்த வளையம் எனக்கு முதல் நாளே தோன்றியிருக்கலாம். கம்பி வளைக்க எனக்குத் தெரியும். அவர் காட்டின படத்தை அப்படியே செய்து காட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் அது தோன்றவில்லை. இதுதான் நான் முதலில் சொன்ன அந்த மீதிப் பாதி.

அடுத்த தடவை மாமா அந்தக் கதையைச் சொல்லும்போது நீங்கள் சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சிரித்து முடித்தபின், ஷூ ஆணியைப் பற்றி அவர் பேசிய பிறகு எத்தனை படி இறங்கினார் என்று கேளுங்கள். அவருக்கு எண்ணிக்கை தெரியாது. இரண்டு. அந்த இரண்டு படிக்குத்தான் அகலைக் கொண்டுபோயிருந்தேன்.

இப்போது என் வேலைப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் அந்த அகல் இருக்கிறது. விளையாட எடுக்காதீர்கள்.